பழம் உலர்த்தலும் அகச்சிவப்பு அடுப்பும்

முதலியார்பேட்டை கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதுவது

சங்கம் ஒன்று யந்திரம் வாங்கத் தீர்மானித்தால், அத்தீர்மானம் குறிப்புரைக்காக என் மேஜைக்கு வருவது வழக்கம். சென்ற பலாப் பருவத்தில் அவ்வாறு வந்த கோப்பு ஒன்றே இக்கட்டுரைக்குக் காரணம். பழம் பயிரிடுவோர் சங்கம் ஒன்று, அகச்சிவப்புக் கதிரால் பழம் உலர்த்தும் மின்சார அலமாரி ஒன்றை வாங்கி, பலாச்சுளை, மாம்பழம், வாழைப்பழம் ஆகிய மூன்றையும் உலர்த்தி விற்பதென்று ஏகமனதாக முடிவு செய்திருந்தது. தீர்மானத்தில் மூன்று காரணங்கள் காட்டப்பட்டிருந்தன. முதலாவது, இது நவீன முறை. இரண்டாவது, மானியம் கிடைக்கும். மூன்றாவது, மழை நாளிலும் வேலை நிற்காது.

இம்மூன்றனுள் முதலாவது ஒரு காரணமே அன்று. இரண்டாவது அரைக் காரணம். மூன்றாவதுதான் உண்மையான காரணம். ஆயினும் அதன் அளவு இன்னதென்று தீர்மானத்தில் ஒரு வரியும் இல்லை. யந்திரத்தின் விலை எழுதப்பட்டிருந்தது. அது குடிக்கும் மின்சாரம் எழுதப்படவில்லை. எத்தனை கிலோ பழத்திலிருந்து எத்தனை கிலோ நீரை அது நீக்க வேண்டும் என்பதும் எழுதப்படவில்லை. உறுப்பினர்களின் பங்குத் தொகையும், பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்த ஒதுக்கு நிதியும் இதில் இறங்கவிருந்தன. அந்தத் தொகையில் ஒரு பகுதி, பருவத்திற்கு நான்கைந்து மரப் பழம் மட்டுமே விற்கும் ஏழை உறுப்பினருடையது என்பதை நான் பேரேட்டில் பார்த்திருக்கிறேன்.

முன்னொரு சமயம் வேறொரு சங்கத்தில் தணிக்கைக்குச் சென்றபோது கண்ட காட்சியையும் இங்கே சொல்ல வேண்டும். கிடங்கின் மூலையில் பளபளவென்று ஓர் உலர்த்தும் யந்திரம் நின்றது. அதன் தட்டுகளின் மேல் பழைய ரசீதுப் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். முதல் இரண்டு மாத மின் கட்டணத்தைக் கண்ட காரியதரிசி மூன்றாம் மாதம் யந்திரத்தை நிறுத்திவிட்டாராம். "ஐயா, யந்திரத்தில் பழுது ஒன்றுமில்லை, கணக்கில்தான் பழுது" என்றார் அவர். அந்தச் சங்கத்தின் நிலை இந்தச் சங்கத்திற்கும் வரலாகாது என்பதே என் கவலை. அகச்சிவப்பு முறையை நான் எதிர்ப்பவன் அல்லன். அது நல்ல முறை. ஆனால் எந்த வேலைக்கு நல்லது என்று அறிந்து வாங்க வேண்டும்.

அகச்சிவப்பு என்பது புதுமையான மாயம் ஒன்றுமில்லை. 1800-ஆம் ஆண்டில் வானநூல் அறிஞர் வில்லியம் ஹெர்ஷல், சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் பல நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் ஓர் உஷ்ணமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறத்திற்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இருண்ட இடத்தில் வைத்த உஷ்ணமானியிலும் பாதரசம் ஏறியது. அங்கேதான் மிகுதியாகவும் ஏறியது. கண்ணுக்குப் புலப்படாத அந்த வெப்பக் கதிரே அகச்சிவப்புக் கதிர். 2020-இல் கொரோனா நோய் பரவியபோது கடைவாசலில் நம் நெற்றிக்கு நேரே துப்பாக்கிபோல் ஒன்றைப் பிடித்து உஷ்ணம் பார்த்தார்களே, அது நம் உடம்பிலிருந்து வெளிப்படும் அகச்சிவப்புக் கதிரை அளந்துதான் சொல்லிற்று. பூமியை வந்தடையும் வெயிலின் ஆற்றலில் ஏறக்குறையப் பாதி இக்கதிரே. ஆகவே, மொட்டை மாடியில் பாய் விரித்து வடகம் காயவைக்கும் முதலியார்பேட்டைத் தாய்மார் அனைவரும் அகச்சிவப்பு உலர்த்தலில் பழுத்த அனுபவசாலிகளே!

தொழிற்சாலையில் இக்கதிரைப் பெருமளவில் முதன்முதல் பயன்படுத்தியவர்களுள் அமெரிக்காவின் ஃபோர்டு மோட்டார் நிறுவனத்தார் குறிப்பிடத்தக்கவர்கள். 1930-களில் மோட்டார் வண்டியின் உடலில் பூசிய வர்ணத்தை வரிசையாக வைத்த விளக்குகளின் வெப்பத்தால் உலர்த்தினார்கள். வர்ணம் மெல்லிய பூச்சு, மேற்பரப்பிலேயே இருப்பது, ஆதலால் விரைவில் உலர்ந்தது. 'மெல்லிய பூச்சு' என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இம்முறையின் பலமும் பலவீனமும் அந்த இரண்டு சொற்களில் அடங்கியிருக்கின்றன.

நெசவாளர் அன்பர்களுக்கு இதை விளக்குவது எளிது. சாயத்தில் தோய்த்த சிட்டத்தைக் கழியில் மாட்டி வெயிலில் போட்டால் என்ன நேர்கிறது? காற்றும் வெயிலும் படும் மேற்புறம் முதலில் காய்கிறது. உள்ளிருக்கும் ஈரம் மேற்புறம் நோக்கி நகர்கிறது. நகரும்போது நூலில் இன்னும் பற்றாத சாயத்தையும் சுமந்து செல்கிறது. முடிவில் வெளிப்புறம் அடர்த்தியாகவும் உட்புறம் வெளிறியும் போகிறது. பெரிய ஆலைகளில் துணியைச் சாயக் குழம்பில் அமுக்கி எடுத்தவுடன் அகச்சிவப்பு அடுப்புகளுக்கு இடையே செலுத்துவது இக்குறையைத் தவிர்ப்பதற்கே. துணி முழுதும் அங்கேயே காய்ந்துவிடுவதில்லை. சாயம் நகராத அளவுக்கு ஈரத்தை ஒரே சீராகக் குறைத்துவிட்டு, எஞ்சிய ஈரத்தைச் சூடான உருளைகளிடமோ வெப்பக் காற்றிடமோ விட்டுவிடுகிறார்கள். அகச்சிவப்பு முதல் அடியை எடுத்து வைக்கிறது. மீதி வழியை மலிவான வெப்பம் நடக்கிறது. நீலம் தோய்த்த கினித் துணியை ஆப்பிரிக்காவின் செனகல் வரை கப்பலேற்றிய ஊர் நம் புதுச்சேரி. அக்காலத்தில் இந்த அடுப்பு கிடையாது. வெயிலின் போக்கறிந்த கைகள் இருந்தன. கடலூர்ச் சாலையில் நம் பேட்டைக்குப் பெயர் தந்த ஏ.எஃப்.டி. ஆலையும் 2020-இல் மூடப்பட்டுவிட்டது. இன்று சிறு சங்கங்கள்தான் இந்த அறிவைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

இனிப் பழத்திற்கு வருவோம்.

பழுத்த பலாச்சுளையில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு போல நீர் உண்டு. வாழைப்பழச் சதையிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. மாம்பழச் சதையில் எண்பதுக்கும் மேல். நீர் அகச்சிவப்புக் கதிரை, அதிலும் மூன்று மைக்ரான் அலைநீளத்தை ஒட்டிய கதிரை, மிக விருப்பமாக உட்கொள்ளும். ஏறத்தாழ எழுநூறு டிகிரி செல்சியஸ் வரை காய்ந்த பரப்பு அந்த அலைநீளத்தில்தான் மிகுதியாகக் கதிரை வீசும். ஆதலின் பீங்கான் பூசிய அடுப்புகளும் இரும்புக் குழாய் அடுப்புகளும் பழத்திற்குப் பொருந்தும். வெள்ளொளி வீசும் விளக்குகள் குறுகிய அலையைத் தருவதால் ஈரத்திற்கு அவ்வளவு இணக்கமாக இரா. விற்பனையாளர் 'அகச்சிவப்பு' என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த வகை அடுப்பு, எத்தனை டிகிரி என்று கேட்பது நம் கடமை.

இக்கதிர் இடையிலுள்ள காற்றைச் சூடாக்கி நேரத்தைப் போக்காமல் நேரே பழத்தைச் சூடாக்குகிறது. இதுவே இதன் சிறப்பு. ஆனால் பழத்தினுள் அது வெகுதூரம் செல்வதில்லை. ஈரமான சதையில் நீண்ட அலைக் கதிரின் பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. ஐந்து மில்லிமீட்டர் கனத்தில் சீராக அரிந்த துண்டு இருபுறமும் கதிர் பட்டால் நன்றாகக் காயும். முழுச்சுளையை வைத்தாலோ வெளிப்புறம் தோல்போல் கெட்டிப்பட்டு, உள்ளே ஈரம் சிறைப்படும். சாயம் நூலின் மேற்புறம் சேர்ந்தது போலவே சர்க்கரையும் நீரோடு மேற்புறம் வந்து படிந்து பூட்டுப் போட்டுவிடும். அப்பண்டம் கைக்குக் காய்ந்தது போலவே தெரியும். பொட்டலமிட்டுப் பத்து நாள் சென்றபின் பூசணம் பூத்து, வாங்கிய கடைக்காரர் திருப்பி அனுப்பும்போதுதான் உண்மை வெளிப்படும். ஆகவே, யந்திரத்திற்கு முன்பே சங்கத்திற்கு வேண்டுவது ஒரே கனத்தில் அரியும் கத்தி. விலை சொற்பம் என்பதாலோ என்னவோ, அது எந்தத் தீர்மானத்திலும் இடம்பெறுவதில்லை!

இன்னொன்றும் அறிய வேண்டும். பழம் உலர்வது ஒரே வேகத்தில் நடப்பதன்று. தொடக்கத்தில் மேற்பரப்பு நனைந்திருக்கும். கொடுத்த வெப்பம் முழுவதும் ஆவியாக்குவதில் செலவாகும். எவ்வளவு வெப்பம் கொடுத்தாலும் அவ்வளவுக்கு நீர் வெளியேறும். மேற்பரப்பு காய்ந்தபின் நிலைமை மாறிவிடுகிறது. உள்ளிருக்கும் நீர் மெல்ல மெல்ல வெளியே வந்தால்தான் ஆவியாக முடியும். அந்த நடைக்கு அவசரம் தெரியாது. அப்போதும் முன்போலவே கதிரைக் கொட்டினால் நீர் வேகமாக வராது, சர்க்கரை கருகிக் கசப்புத் தட்டும், மின்சாரம் வீணாகும். எனவே அகச்சிவப்பு தன் முழுத் திறமையைக் காட்டுவது முதல் கட்டத்தில்தான். பின்னர் அதைக் குறைத்து, விட்டு விட்டுக் கொடுக்க வேண்டும். அல்லது நிறுத்திவிட்டு வேறு வெப்பத்திடம் வேலையை ஒப்படைக்க வேண்டும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து ஆல்பனி நகரில் உள்ள வேளாண்மை இலாகாவின் ஆராய்ச்சி நிலையத்தார் ஆப்பிள் துண்டுகளை வைத்து இம்முதற் கட்டத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். அரிந்த பழம் காற்றுப் பட்டுப் பழுப்பதற்குக் காரணம் அதனுள் இருக்கும் சில நொதிகள். வழக்கமாக அவற்றை அடக்க வெந்நீரில் முக்குவார்கள். அல்லது கந்தகப் புகை காட்டுவார்கள். வெந்நீரில் சத்தும் இனிப்பும் கரைந்து போகும். கந்தகம் சிலர் உடம்புக்கு ஒவ்வாது. அகச்சிவப்பை முதலில் சில நிமிடங்கள் காட்டினால் நொதிகள் அடங்குகின்றன. அதே நேரத்தில் கணிசமான நீரும் வெளியேறிவிடுகிறது. நீரும் வேண்டா, புகையும் வேண்டா. வாழைப்பழத் துண்டு கறுக்கிறதே என்று கவலைப்படும் நம் வளர்ப்போருக்கு இது மிகவும் பயன்படத்தக்க செய்தி. என் கருத்தில், அகச்சிவப்பு அடுப்பு வாங்கத் தகுந்த முதற் காரணம் இதுவே. சங்கத்தின் தீர்மானத்தில் இல்லாத காரணமும் இதுவே.

இப்பொழுது கணக்கு. நூறு கிலோ பலாச்சுளையை எடுத்துக்கொள்வோம். அதில் நீர் 75 கிலோ. மற்றவை 25 கிலோ. உலர்ந்த பண்டத்தில் நூற்றுக்கு இருபது பங்கு ஈரம் நிற்கலாம் என்றால் முடிவில் கிடைப்பது 31 கிலோவுக்குச் சற்று மேல். நீக்க வேண்டிய நீர் ஏறக்குறைய 69 கிலோ. ஒரு கிலோ நீரை ஆவியாக்கப் பௌதிக விதிப்படி வேண்டுவது ஏறத்தாழ 0.63 யூனிட் மின்சாரம். எந்த நிறுவனத்தார் செய்த யந்திரமானாலும் இவ்விதியைக் குறைக்க இயலாது. 69 கிலோவுக்கு 43 யூனிட் ஆகிறது. சுவர் வழியாகவும் வெளியேறும் காற்றோடும் போகும் வெப்பத்தை நினைத்தால், கொடுத்ததில் பாதி பழத்திற்குச் சேர்ந்தாலே திருப்தி அடையலாம். ஆக 86 யூனிட். யூனிட் ஏழு ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 600 ரூபாய். உலர்ந்த பண்டம் கிலோ ஒன்றுக்கு மின்சாரம் மட்டும் சுமார் 20 ரூபாய் ஏறுகிறது. பழத்தின் விலை, அரியும் கூலி, பொட்டலம், வண்டிச் சத்தம் எல்லாம் இதற்கு மேல்.

மாடிக்குப் போய்ப் பார்ப்போம். நம் பகுதியில் மேகமற்ற நாளில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் வெயில் ஏறத்தாழ ஐந்து யூனிட் வெப்பத்திற்குச் சமம். நூறு கிலோ துண்டுகளை ஒற்றை அடுக்காகப் பரப்ப இருபத்தைந்து சதுர மீட்டர் தட்டுகள் வேண்டும். அவற்றின் மேல் ஒரு நாளில் 125 யூனிட் விலையின்றி விழுகிறது. அதில் கால் பங்கு பயன்பட்டாலும் இரண்டு நல்ல வெயில் நாளில் பெரும்பாலான நீர் போய்விடும். வெறும் மாடியில் தூசியும் ஈயும் காக்கையும் தொல்லை என்பது மெய். அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். திருச்சி மாவட்டத்துத் தொட்டியம் வட்டாரத்தில் பாலிகார்பனேட் தகட்டைக் கூரையாக வளைத்த சூரியக் கூடங்களில் வாழைப்பழம் உலர்த்தி விற்கிறார்கள். அத்தகடு வெயிலை உள்ளே விடும். உள்ளே சூடேறிய தட்டும் பழமும் வீசும் நீண்ட அலை வெப்பக் கதிரை வெளியே விடாது. அதுவும் ஒருவகை அகச்சிவப்பு அடுப்புதான். மீட்டர் மட்டும் ஓடுவதில்லை.

ஆகவே நான் கோப்பில் எழுதிய குறிப்புரை இதுதான்: பெரிய அலமாரி வேண்டா. பத்து நிமிடத்திற்குள் ஒரு தட்டைச் செலுத்தி எடுக்கக்கூடிய சிறிய அகச்சிவப்பு அடுப்பு ஒன்று போதும். எஞ்சிய தொகையில் சூரியக் கூடமும், கம்பி வலைத் தட்டுகளும், கத்தியும், நல்ல தராசும் வாங்குக. முதற் கட்டத்தில் அடுப்பு நொதியை அடக்கி, நீக்க வேண்டிய நீரில் கால் பங்கு போல எடுத்துக்கொள்ளட்டும். முக்கால் பங்கை வெயில் எடுக்கட்டும். மேற்சொன்ன கணக்கிலேயே பார்த்தால் மின்சாரம் 22 யூனிட்டாகவும், செலவு கிலோவுக்கு ஐந்து ரூபாயாகவும் இறங்குகிறது. ஒரு பருவத்தில் ஆயிரம் கிலோ உலர்பழம் செய்யும் சங்கத்திற்கு இவ்வித்தியாசம் 15,000 ரூபாய். சிறு தொகை என்பார்கள் சிலர். ரசீதுப் புத்தகம் அடுக்கிய அந்த யந்திரத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

மழையை மறந்துவிட்டேன் என்று எண்ண வேண்டா. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததை எவர் மறப்பார்? 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்தபோது ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. அத்தகைய நாளில் வெயிலும் இராது, மின்சாரமும் இராது, அலமாரியும் கூடமும் ஒன்றுபோல் வாளாவிருக்கும். நாம் அஞ்ச வேண்டியது பெரும்புயலை விடச் சித்திரை வைகாசியில் திடீரென்று வரும் மாலை மழையையே. பாதி உலர்ந்த சரக்கு இரண்டு நாள் ஈரக்காற்றில் கிடந்தால் புளித்துப் போகும். அப்போது அதே சிறிய அடுப்பைத் தணிவான சூட்டில், விசிறி ஓடவிட்டு, விட்டு விட்டு இயக்கிச் சரக்கைக் காப்பாற்றலாம். இது மருந்து; அன்றாடச் சோறு அன்று. மருந்துக்குரிய அளவில் வாங்கினால் போதும் என்பதே என் வாதம். விசிறியைப் பற்றியும் ஒரு சொல்: கதிர் பழத்தைச் சூடாக்கும், வெளிவந்த ஆவியை அகற்றுவது காற்றின் வேலை. காற்றோட்டமில்லாத அகச்சிவப்பு அலமாரியில் பழம் காயாது, வேகும்.

குறிப்புரையைப் பற்றிப் பேச நிர்வாகக் குழுவினர் என்னை அழைத்திருந்தார்கள். சுவையான விவாதம் நடந்தது. "மானியம் யந்திரத்துக்குத்தானே தருகிறார்கள், தம்பி? கத்திக்கும் தட்டுக்கும் யார் தருவார்கள்?" என்று கேட்டார் குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர். நியாயமான கேள்விதான். 2020-இல் மத்திய அரசு தொடங்கிய குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கான திட்டத்தில் மூலதனச் செலவில் நூற்றுக்கு 35 பங்கு மானியம் என்று வகுத்தார்கள். மீதி 65 பங்கு யார் பணம் என்று அவரையே திருப்பிக் கேட்டேன். மேலும், மின் கட்டணத்திற்கு மூலதன மானியம் கிடையாது. பெரிய யந்திரத்திற்குப் பெரிய மானியம் வரும். அதன் பின்னே மாதந்தோறும் பெரிய கட்டணமும் வரும். ஐயா சற்று யோசித்துவிட்டு, "பெண் வீட்டார் கொடுத்த யானையைப் போல என்று சொல்லுங்கள்" என்றார். அவையில் சிரிப்பு எழுந்தது.

மற்றோர் அன்பர், அண்டையிலுள்ள நெசவாளர் சங்கத்தோடு சேர்ந்து ஒரே யந்திரத்தை வாங்கி, பகலில் பழமும் இரவில் சாயநூலும் உலர்த்தலாமே என்றார். கூட்டுறவு மனப்பான்மை பாராட்டத்தக்கதுதான்! ஆனால் சாயமும் அதன் இரசாயனங்களும் படிந்த தட்டில் உண்ணும் பொருளை வைப்பது பெருந்தவறு. உணவுப் பாதுகாப்புச் சட்டமும் இடம் கொடாது. கூட்டாகச் செய்யத் தகுந்தவை வேறு உள்ளன. நெசவாளர் சங்கத்தின் சாயப்பட்டறையில் உஷ்ணம் பார்க்கவும் ஈரம் நிறுக்கவும் கைதேர்ந்த தொழிலாளர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பருவத்தில் இரண்டு மாதம் கூலி கொடுத்து அழைத்தால், கல்லூரியில் படித்த என்னை விட நன்றாக அடுப்பைப் பார்த்துக்கொள்வார். பட்டறையில் வேலை குறைந்த கோடை மாதங்களும் பலாப் பருவமும் ஒன்றாகவே வருகின்றன என்பதும் கவனிக்கத்தக்கது.

தஞ்சாவூரிலுள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்திலும், 1950-ஆம் ஆண்டு முதல் மைசூரில் இயங்கிவரும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்திலும் பழம் பதப்படுத்தும் முறைகளில் பயிற்சி தருகிறார்கள். யந்திரம் விற்பவரின் அச்சிட்ட காகிதத்தை நம்புவதற்கு முன், இரண்டு உறுப்பினர்களைச் சங்கச் செலவில் தஞ்சைக்கு அனுப்புவது நன்று. நம் சொந்தப் பழத்தைக் கொண்டுபோய், நம் கண்முன்னே உலர்த்திக் காட்டும்படி கேட்க வேண்டும். பிறர் ஊர்ப் பழத்தின் கணக்கு நம் பழத்திற்குப் பொருந்தாது.

பொருந்தாது என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். இது கணக்குப் புத்தகத்தைச் சேர்ந்தது, ஆகையால் என் துறையைச் சேர்ந்ததும் ஆகும். ஒருவர் கொண்டுவரும் சுளையில் 75 பங்கு நீர். மற்றொருவர் சுளையில் 80 பங்கு நீர். தராசுக்கு இரண்டும் நூறு கிலோவே. ஆனால் முதலாமவரின் பழம் 31 கிலோ உலர்பண்டம் தரும். இரண்டாமவருடையது 25 கிலோதான் தரும். இருவருக்கும் ஒரே விலை கொடுத்தால், தண்ணீர் பாய்ச்சி அவசரமாகப் பறித்தவர் லாபமடைவார். முற்றவிட்டு இனிப்பேற்றியவர் அவருக்கு வரி செலுத்துவார். இரண்டு பருவத்தில் நல்ல பழம் வியாபாரியிடம் போய்விடும். நீர்ப்பழம் சங்கத்திற்கு வரும். இதைத் தடுக்க, வருகின்ற ஒவ்வொருவர் சரக்கிலிருந்தும் அரை கிலோ மாதிரி எடுத்து, தனித் தட்டில் உலர்த்தி நிறுத்து, உலர் எடையின்மேல் இறுதித் தவணையைக் கொடுக்க வேண்டும். பால் சங்கங்களில் கொழுப்பு பார்த்து விலை கொடுப்பது போன்றதே இது. பாலுக்குச் செய்யும் நியாயத்தைப் பலாவுக்குச் செய்யலாகாதோ?

இருப்புப் புத்தகத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். நூறு கிலோ வரவு, முப்பத்தோரு கிலோ பற்று என்று எழுதியிருந்த ஒரு சங்கத்தில், தணிக்கைக்கு வந்தவர் "69 கிலோ குறைவு; காரியதரிசியிடமிருந்து வசூலிக்கவும்" என்று எழுதிவிட்டுப் போனாராம். அந்த 69 கிலோ ஆகாயத்தில் இருக்கிறது என்று பாவம் அந்தக் காரியதரிசி எவ்வாறு மெய்ப்பிப்பார்? ஆதலால் ஒவ்வொரு கொப்பரைச் சரக்கிற்கும் போட்ட எடை, அடுப்பிலிருந்து எடுத்த எடை, முதல் நாள் மாலை எடை, முடிவு எடை என்று நான்கு பத்திகள் உள்ள பதிவேடு ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். அதன் மாதிரிப் படிவத்தை நானே தயாரித்திருக்கிறேன். வேண்டும் சங்கங்கள் அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம். தணிக்கைக்கு மட்டுமன்றி, அடுப்பை எந்த நிமிடத்தில் நிறுத்துவது என்று கற்றுக்கொள்ளவும் அப்பதிவேடே ஆசிரியராகும்.

கடற்கரை ஊராகிய நமக்கு இன்னும் ஒரு தொல்லை உண்டு. இரவில் காற்றின் ஈரம் மிகுதி. பகலில் விட்ட நீரைப் பழம் இரவில் திரும்பக் குடித்துவிடும். மாலை நான்கு மணிக்குள் தட்டுகளை மூடிவிட வேண்டும். உலர்ந்து முடிந்த துண்டுகளை மூடிய பாத்திரத்தில் சில நாள் வைத்து, நாள்தோறும் ஒருமுறை குலுக்கி, ஈரம் துண்டுக்குத் துண்டு சமமான பின்னரே பொட்டலமிட வேண்டும். பாத்திரத்தின் உட்புறத்தில் வேர்வை துளிர்த்தால் பழம் இன்னும் காயவில்லை என்று பொருள். எந்த யந்திரம் வாங்கினாலும் இவ்வேலை நீங்காது.

சங்கத்தின் தீர்மானம் மறு ஆலோசனைக்காகத் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது. குழுவில் இரு கருத்து நிலவுகிறது. பெரிய அலமாரியே வேண்டும் என்போர் இன்னமும் இருக்கிறார்கள். அது அவர்கள் உரிமை. முடிவு செய்யவேண்டியது உறுப்பினர்களின் பேரவையே அன்றி ஆய்வாளன் அல்லன். பேரவைக்கு வரும் ஒவ்வொருவரையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். கூட்டத்திற்கு முந்திய வாரத்தில் தம் தோட்டத்துச் சுளையில் ஒரு கிலோ எடுத்து, மெல்லியதாக அரிந்து, வலை மூடித் தம் மாடியில் உலர்த்துக. காலை எடையும் மாலை எடையும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு வருக. நாற்பது காகிதங்கள் மேஜைமேல் சேர்ந்தபின் யந்திரத்தின் அளவைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.